மணலை மீன்: திருகோணமலைக் கரையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தம்பலகாமக் குடாவின் ஓரத்தில் வளர்ந்தவன். அப்பா வீச்சுவலைக்காரர். அவர் வலையில் அதிகம் விழுந்தது மணலைதான்; எங்கள் பள்ளிக்கூடச் செலவில் பாதி அந்த மீனில் வந்தது. சந்தையில் அதை இரண்டாந்தர மீனாகப் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. பிள்ளைகள் ஒப்படைக்காகவும், வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர்கள் ஊர் ஞாபகத்திலும், புதிதாகச் சமைக்கத் தொடங்கியவர்கள் சந்தேகத்திலும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மணலை, மடவை, கொடயா: மூன்றும் ஒரே மீனா?

ஒரே குடும்பம். எங்கள் பக்கத்தில் மணலை என்போம். மடவை என்ற பெயரும் இங்கே தெரியும். தமிழ்நாட்டில் அதுதான் பரவலான பெயர். சிங்களத்தில் கொடயா. விஞ்ஞானத்தில் இந்தக் குடும்பத்துக்கு முகிலிடே என்று பெயர். அதில் உலகம் முழுவதும் அறியப்பட்ட பெரிய மணலை 'முகில் செஃபாலஸ்'. 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. 'முகில்' என்பது இலத்தீன் சொல், நம் மேகத்தோடு அதற்கு உறவில்லை. ஆனாலும் மாரி முகில் கறுக்கும்போது களப்பின் (கரையோர உவர்நீர் ஏரியின்) வாயில் கூடுகிற மீனுக்கு அந்தப் பெயர் பொருந்தி வந்தது எனக்கு எப்போதும் சந்தோஷம்.

மணலை மேய்வதால்தான் மணலை என்று அப்பா சொல்வார். பெயர்க் காரணம் அதுதானோ இல்லையோ, மீனின் குணத்தை அவர் சரியாகச் சொன்னார்.

ஆங்கிலப் புத்தகத்தில் 'மல்லட்' என்று தேடினால் மீசை உள்ள சிவப்பு மீன் வருகிறதே?

அது நகரை. நவரை என்றும் சொல்வார்கள். தாடையின் கீழே இரண்டு மீசை தொங்கும், உடலில் சிவப்பும் மஞ்சளும் இருக்கும், பாறையும் மணலும் கலந்த கடலடியில் மேயும். ஆங்கிலத்தில் இரண்டு குடும்பங்களுக்கும் 'மல்லட்' என்ற சொல் விழுந்துவிட்டதால் வந்த குழப்பம் இது. பாடசாலை ஒப்படைகளில் மணலையைப் பற்றி எழுதிவிட்டு நகரையின் படத்தை ஒட்டியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மணலைக்கு மீசை கிடையாது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது, அதையே வைத்துத் தேடுங்கள்.

மணலையைப் பார்த்த உடனே எப்படி அடையாளம் காண்பது?

முதலில் தலையைப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும், இரு கண்ணுக்கும் நடுவில் விரலை வைத்து அழுத்தலாம் போல. வாய் சிறியது. நேர் முன்னாலிருந்து பார்த்தால் கூரை மாதிரி, கவிழ்த்து வைத்த கூர்ங்கோணமாகத் தெரியும். பல் இருக்கிறதா என்று தடவினால் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. அவ்வளவு நுண்ணிய பற்கள்.

பிறகு முதுகு. இரண்டு செட்டைகள், ஒன்றுக்கொன்று நன்றாக விலகி நிற்கும். முன் செட்டையில் 4 முட்கள் மட்டுமே. பின் செட்டை மென்மையானது. சந்தையில் பால்மீனையும் மணலையையும் மாற்றிச் சொல்பவர்களுக்கு இந்த ஒரு அடையாளமே போதும், ஏனென்றால் பால்மீனுக்கு முதுகில் ஒரே செட்டைதான், வாலும் கத்தரிக்கோல் போல ஆழமாகப் பிளந்திருக்கும். கிழங்கானோடு குழம்புகிறவர்கள் முகத்தைப் பார்க்கட்டும்: கிழங்கானின் மூஞ்சி கூர்மை, மணலையின் மூஞ்சி மொட்டை.

நிறம் முதுகில் நீலம் கலந்த சாம்பலோ பச்சை கலந்த சாம்பலோ, பக்கம் வெள்ளி, வயிறு வெள்ளை. பெரிய மணலையில் பக்கவாட்டில் ஆறேழு கருங்கோடுகள் தலையிலிருந்து வாலை நோக்கி ஓடும். அவை உண்மையில் கோடுகள் அல்ல. ஒவ்வொரு செதிளின் நடுவிலும் உள்ள கறுப்புப் புள்ளி வரிசையாகச் சேர்ந்து கோடாகத் தெரிகிறது. பக்கச் செட்டையின் அடியில் ஊதா கலந்த ஒரு கரும்பொட்டும் இருக்கும். செதிள்கள் பெரியவை, தலையையும் மூடியிருக்கும். மணலை கழுவிய இடத்தில் அடுத்த நாளும் செதிள் மின்னுவது அதனால்தான்.

இன்னொரு அடையாளம் இல்லாததால் அறிவது. பாரை, விளை, கொடுவா போன்ற மீன்களுக்குச் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடும்; தண்ணீரின் அசைவை உணரும் உறுப்பு அது. மணலையின் உடலில் அந்தப் பக்கக்கோடு இல்லை.

கண் மங்கலாக, மெழுகு பூசியது போல இருக்கிறது. பழைய மீனா?

இல்லை. இந்தச் சந்தேகத்தால் எத்தனையோ நல்ல மணலையை மக்கள் தட்டில் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள். பெரிய மணலையின் கண்ணுக்கு மேல் கொழுப்பாலான ஒரு தெளிந்த இமை உண்டு. கண்மணிக்கு நேரே மட்டும் நெடுக்காக ஒரு பிளவு விட்டு, மீதியை அது மூடியிருக்கும். உயிரோடு இருக்கும்போதே அப்படித்தான். ஆகவே மணலை வாங்கும்போது கண்ணை மட்டும் நம்பாதீர்கள். செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பாருங்கள், வயிற்றை அழுத்திப் பாருங்கள். வயிறு விறைப்பாக இருக்க வேண்டும். மணலை முதலில் கெடுவது வயிற்றிலிருந்துதான், உள்ளே சேறும் பாசியும் நிறைந்த குடல் இருப்பதால்.

நம் கரையில் எத்தனை வகை மணலை உண்டு?

பல உண்டு. பிடிப்பவர்களே வளர்ந்ததா, சிறியதா, வால் எப்படி என்று பார்த்துத்தான் பிரிப்பார்கள். மிக எளிதாகப் பிரித்தறியக்கூடியது, வால் சதுரமாக வெட்டியது போல மஞ்சளாக இருக்கும் வகை. சிறியதாக இருக்கும்போது அதன் பக்கச் செட்டை கன்னங்கரேல் என்று இருக்கும். 'எல்லோகெலன் வைகியென்சிஸ்' என்பது அதன் விஞ்ஞானப் பெயர். கடலை ஒட்டிய தெளிந்த நீரில், பவளப்பாறைப் பக்கங்களில் அதைக் காணலாம். களப்பில் அதிகம் கிடைப்பவை பெரிய செதிள் மணலையும் முதுகு பச்சையோடிய மணலையும். அவை உருவில் சிறியவை. சந்தையில் கூறு கட்டி விற்பது பெரும்பாலும் இவற்றையே. செதிளை எண்ணியும் செட்டையின் கதிர்களை எண்ணியும் பிரிக்கிற மற்ற வகைகளுக்குள் நான் இங்கே போகவில்லை.

எவ்வளவு பெரிதாக வளரும்?

கோடுள்ள பெரிய மணலை வழக்கமாக 35 முதல் 50 சென்ரிமீற்றர். ஒரு மீற்றர் வரை வளர்ந்தவையும் உலகில் பதிவாகியிருக்கின்றன. எங்கள் வீட்டில் இரண்டு கிலோ மணலை வந்தால் அது அக்கம்பக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

அது கடல் மீனா, களப்பு மீனா?

இரண்டும்தான். இந்த மீனைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அது இதுதான். பிறப்பது கடலில், வளர்வது களப்பில், முட்டையிடப் போவது மறுபடியும் கடலுக்கு.

நல்ல தண்ணீரிலும் அது வாழும், கடலின் உப்பைப் போல இரண்டு மடங்கு உப்பேறிய நீரிலும் வாழும். கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு. மணலை பூச்சியத்திலிருந்து 75 பங்கு வரை தாக்குப்பிடிப்பதாக அறியப்பட்டிருக்கிறது. பிறந்தவுடனே அந்தத் திறமை வராது. நாலு முதல் ஏழு சென்ரிமீற்றர் வளரும்போதுதான் உடலின் உப்பைச் சீர்ப்படுத்தும் ஆற்றல் முழுமையாகக் கைகூடும்.

திருகோணமலையை இந்த மீனுக்கென்றே யாரோ அமைத்துக் கொடுத்தது போல எனக்குத் தோன்றும். தெற்கே மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அதன் கிளையான வெருகலாறு இன்னும் தெற்கே கடலைத் தொடுகிறது. நடுவில் தம்பலகாமக் குடா, கிண்ணியாப் பாலத்தின் கீழுள்ள வாய் வழியே கடல்நீரை வாங்கி வயல்களிலிருந்து வரும் நல்ல நீரோடு கலக்கிறது. வடக்கே சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று வீதியோரம் முழுக்கச் சிறு களப்புகள். எல்லை முடிகிற இடத்தில் புல்மோட்டைக்கு அப்பால் கொக்கிளாய்க் களப்பு. இத்தனை ஆழமில்லாத உவர்நீரும், கொஞ்சம் வெளியே போனால் சட்டென்று ஆழம் விழுகிற கடலும் அருகருகே இருக்கின்றன. மணலைக்கு இரண்டும் வேண்டும்.

உலகில் வேறு எங்கே? வெப்ப, மிதவெப்பக் கரைகள் எல்லாவற்றிலும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 42 பாகை வரை.

சேற்றைத் தின்னும் மீன் என்று சிலர் ஒதுக்குகிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் அவசரம். மணலை சேற்றைத் தின்பதில்லை. சேற்றின் மேல் படிந்திருப்பதைத் தின்கிறது.

ஒரு நாள் காலையில் தண்ணீர் தெளிந்து, காற்று விழுந்திருக்கும்போது முழங்கால் அளவு நீரில் அசையாமல் நின்று பாருங்கள். கூட்டமாக வரும். தலையைக் கீழே சரித்து, வாலை மேலே தூக்கி, மணலின் மேல்தோலை மட்டும் உறிஞ்சிக்கொண்டே நகரும். அந்த மேல்தோலில் என்ன இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள், மக்கிய கண்டல் இலைத் தூள், அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். வாயில் வாங்கியதைச் செவுளின் உட்பக்கத்தில் உள்ள சீப்புப் போன்ற அமைப்பில் அரித்து, பருமணலை வெளியே துப்பிவிடும். கூட்டம் போன பிறகு மணலில் சின்னச் சின்ன உதட்டுத் தடங்கள் கிடக்கும். அதைப் பார்த்தே அப்பா, 'இப்பதான் போயிருக்கு, முன்னுக்கு நட' என்பார்.

கொஞ்சம் நுண்மணல் வயிற்றுக்குள் போகத்தான் செய்யும். அதற்கு வேலை இருக்கிறது. மணலையை வெட்டியவர்களுக்குத் தெரியும், உள்ளே கோழியின் ஈரல்குடலோடு வரும் கற்குடலைப் போலக் கெட்டியான ஓர் உருண்டை இருக்கும். அது வயிற்றின் பின்பகுதி, தடித்த தசை. அரைக்கும் பல் இல்லாத குறையை இந்தத் தசை தீர்க்கிறது: விழுங்கிய நுண்மணலை அம்மிக் குழவி போல வைத்துப் பாசியின் கடினமான ஓட்டை அரைக்கிறது. அரைத்ததை செரிக்க உடலைப் போலப் பல மடங்கு நீளமான குடல், சுருள் சுருளாக. மாடு புல்லைத் தின்று வாழ நாலறை வயிறு வைத்திருப்பது போல, இது பாசியைத் தின்று வாழ இப்படி ஒரு வயிறு வைத்திருக்கிறது.

குஞ்சாக இருக்கும்போது உணவு வேறு. தண்ணீரில் மிதக்கும் நுண்விலங்குகளைப் பிடித்துத் தின்னும். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆனபின் மெல்ல மெல்ல அடிமண்ணுக்கு இறங்குகிறது.

இப்படி அடிப்படி உணவைத் தின்பதால், மற்ற மீன்களைத் தின்னும் பெரிய மீன்களில் சேர்வது போல மணலையின் உடலில் பாதரசம் சேர்வதில்லை. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அது மேயும் மண் எப்படியோ மீனும் அப்படி. பட்டணத்துக் கழிவு வாய்க்கால் விழும் இடத்திலும், இயந்திர எண்ணெய் மிதக்கும் இறங்குதுறைகளிலும் மேய்ந்த மணலையில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். எந்தப் புளியும் அதை எடுக்காது. குறை மீனிடம் இல்லை, அங்கே ஊற்றியவர்களிடம் இருக்கிறது.

ஏன் திடீர் திடீரென்று தண்ணீரை விட்டுப் பாய்கிறது?

துரத்துகிற மீனுக்குத் தப்பப் பாயும். அப்போது ஒன்றல்ல, கூட்டமே கலைந்து பல திசையில் சிதறும். வலை வளைத்தாலும் பாயும். ஆனால் துரத்த ஒன்றுமே இல்லாத அமைதியான மாலையிலும் ஒற்றை மணலை இரண்டு மூன்று முறை தொடர்ந்து எழும்பி, பக்கவாட்டில் தொப்பென்று விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுவது மூச்சு. நீரில் ஒட்சிசன் குறையும்போது மணலை பாய்வது கூடுகிறது. மேலே வரும்போது காற்றைத் தொண்டைக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு அறையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறது என்கிறார்கள். வெயிலில் சூடேறிய, அசைவில்லாத களப்பு நீரில் அது அதிகம் பாய்வது இந்த விளக்கத்துக்கு ஒத்துப்போகிறது. தோலில் ஒட்டிய ஒட்டுண்ணிகளை உதறப் பாய்கிறது என்ற கருத்தும் உண்டு.

எப்போது சினை வைக்கும்? எங்கே முட்டையிடும்?

களப்பில் முட்டையிடாது. இரண்டு மூன்று வயதில், 30 சென்ரிமீற்றரைத் தாண்டும்போது பருவத்துக்கு வரும். சினை முற்றியதும் கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்தை நோக்கி இறங்கும். எங்கள் பக்கத்தில் கச்சான் காற்று ஓய்ந்து, ஐப்பசி மழை பிடித்து, களப்பு நீர் கலங்கிப் பெருகும் காலத்தில் சினை மணலை வாய்ப்பக்கம் சேர்வதை வலைக்காரர்கள் கண்டு சொல்வார்கள். அப்பாவின் காலக் கணக்கும் அதுவே.

கடலுக்குப் போனபின் பெண் மீன் அதன் பருமனைப் பொறுத்து ஐந்து லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை முட்டையிடும். முட்டை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றருக்கும் கொஞ்சம் குறைவு, உள்ளே ஓர் எண்ணெய்த் துளி இருப்பதால் மிதக்கும். ஏறத்தாழ இரண்டு நாளில் பொரிக்கும். தாயும் இல்லை தகப்பனும் இல்லை, காவல் கிடையாது. நீரோட்டமும் அலையும் சேர்ந்து இழுத்துவர, ஒன்றரை இரண்டு சென்ரிமீற்றர் ஆன குஞ்சுகள் கரையோரம் வந்து, திறந்திருக்கும் வாயைத் தேடிக் களப்புக்குள் நுழைகின்றன. லட்சக்கணக்கில் இட்ட முட்டையில் இவ்வளவு தூரம் வருவது மிகச் சில.

மாரியில் களப்பின் வாயை வெட்டி விடுவது மணலைக்கு நல்லதா?

வாய் திறந்திருப்பது நல்லது. வெள்ளம் வயலில் ஏறக்கூடாது என்று வெட்டுகிறார்கள். ஆனால் அதே வெட்டு வழியாகத்தான் சினை மீன் வெளியேறுகிறது, குஞ்சு உள்ளே வருகிறது. கோடையில் அலை மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடும். எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, ஆகவே அடைத்த வாயைத் தானே அறுத்துக்கொள்ளும் வலு கடலுக்குக் குறைவு. மழை வெள்ளமோ மண்வெட்டியோதான் திறக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு சிறு களப்பின் குறுக்கே பாதை போட்டார்கள். தண்ணீர் போக இரண்டு குழாய் மட்டும் வைத்தார்கள். முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வருடம் அங்கே வலை வீசினவர்களுக்குப் பெரிய மணலை இல்லை, நாலாம் வருடம் சின்னதும் இல்லை. தண்ணீர் இருக்கிறது, பாசி இருக்கிறது, கண்டல் கூட நிற்கிறது. வாசல் இல்லை. ஒரு களப்பை நிரப்பாமலே அழிக்க முடியும் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. பாலமா குழாயா என்று முடிவெடுக்கும் இடத்தில் ஒரு வலைக்காரரையும் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

மணலையைத் தின்னும் உயிரினங்கள் எவை?

யாருக்குத்தான் பிடிக்காது. தண்ணீருக்குள் கொடுவா, பாரை, சீலா. மேலிருந்து நீர்க்காகம், கூழைக்கடா, பருந்து. வெருகல் பக்கம் முதலையும். கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே கூழைக்கடாக்கள் வரிசை கட்டி நீந்தி, மீனை ஆழமில்லாத பக்கம் ஒதுக்கி, ஒரே நேரத்தில் அலகைத் தாழ்த்துவதைப் பார்த்தால் கரைவலை இழுப்பதைப் பார்ப்பது போலவே இருக்கும். மணலை குறைந்த களப்பில் கொடுவாவும் குறையும். கொடுவாவுக்கு நல்ல விலை கேட்பவர்கள் மணலையை மதிக்க இதுவே போதிய காரணம்.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

களப்பில் வீச்சுவலை. மணலைக்கு வலை வீசுவது கைப்பலத்தை விடக் கண்ணின் வேலை. தண்ணீரின் மேல்பரப்பில் ஒரு நடுக்கம், சுருக்கம் விழுந்த துணி போல நகரும். அதுதான் கூட்டம். நிழல் முன்னால் விழாதபடி வெயிலை முகத்தில் வாங்கி நடக்க வேண்டும், கூட்டத்தின் மேல் அல்ல, அது போகிற இடத்தின் மேல் வீச வேண்டும். வலை விழுந்த சத்தத்துக்கே பாதி பாய்ந்து தப்பிவிடும். இரவில் சூள் கொளுத்தியும் பிடிப்பதுண்டு. இருட்டில் ஆழமில்லாத ஓரங்களில் அது அசையாமல் கிடக்கும். கடல் பக்கத்தில், கரை அமைதியாக இருக்கும் மாதங்களில் கரைவலை மடியிலும் வரும். தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை) இலங்கையில் தடை. அது அறுந்து நீருக்குள் கிடந்தால் மக்காது, யாருக்கும் பயன்படாமல் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும்.

தூண்டிலில் படுமா? கஷ்டப்பட்டுப் படும். புழுவையும் இறாலையும் திரும்பிப் பார்க்காது. உட்துறைமுக வீதியோரத்தில் பிள்ளைகள் பாணைப் பிசைந்து, பயறளவு உருட்டி, மிகச் சிறிய தூண்டிலில் குத்திப் பிடிப்பார்கள். முதலில் கொஞ்சம் பாண் தூவிக் கூட்டத்தை அழைக்க வேண்டும். உதடு மென்மை, அவசரப்பட்டு இழுத்தால் கிழிந்து போய்விடும்.

பிரேசிலின் லகுனா என்ற கடற்கரை ஊரில் ஓங்கில்கள் (டொல்பின்கள்) மணலைக் கூட்டத்தைக் கரைக்குத் துரத்தி வந்து, தலையை அசைத்துக் காட்ட, நீரில் வரிசையாக நிற்கும் மீனவர்கள் அந்த நேரம் பார்த்து வலை வீசுகிறார்கள். சிதறுகிற மீன் ஓங்கிலுக்கு, வலையில் விழுவது மனிதருக்கு. கிண்ணியாவில் ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, 'நம்மட ஓங்கில் வலையைக் கிழிக்கத்தான் வருது தம்பி, அதுக்கு யாரு பழக்கினது?' என்று கேட்டார்.

குஞ்சு மணலையை வாங்கிப் பொரிக்கலாமா?

வேண்டாம். விரலளவு மணலை ஒரு கூறு வாங்கினால் அதில் நாற்பது ஐம்பது இருக்கும். எல்லாம் இன்னும் ஒரு முறை கூடக் கடலுக்குப் போய் முட்டையிடாதவை. கொசுவலைத் துணியால் கண்டல் வேருக்குள் அரித்து எடுக்கும் அந்தக் குஞ்சுகள் எந்தக் கடலிலிருந்து எத்தனை ஆபத்தைத் தாண்டி வந்து சேர்ந்தவை என்று மேலே சொன்னேன். வாங்க ஆள் இருப்பதால்தான் அரிக்கிறார்கள். உள்ளங்கையை விரித்து வைத்தால் அதைத் தாண்டி இரு பக்கமும் மீன் நீட்ட வேண்டும் என்பது எங்கள் வீட்டு அளவு. என் அம்மம்மா அதற்குக் குறைந்ததை அடுப்பில் ஏற்றியதில்லை.

மண் வாடை இல்லாமல் எப்படிச் சமைப்பது?

வாடை இருக்கும் இடம் மூன்று: குடல், வயிற்றின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோல், செவுள். வயிற்றைப் பிளந்து குடலை உடையாமல் எடுத்துவிட்டு, அந்தக் கறுப்புத் தோலை உப்பும் விரலும் வைத்துச் சுரண்டி எடுங்கள். முதுகெலும்பை ஒட்டிய இரத்தக் கோட்டையும் நகத்தால் கீறிக் கழுவ வேண்டும். கடைசியில் உப்பும் தேசிக்காயும் போட்டு அலசினால் போதும். வாங்கிய உடனே செய்ய வேண்டும். குடலோடு மதியம் வரை வைத்தால் வாடை சதையில் இறங்கிவிடும்.

பிறகு உங்கள் விருப்பம். எங்கள் வீட்டில் பெரியதைப் பழப்புளி விட்டு உறைப்பாகக் குழம்பு வைப்போம், வெந்தயம் கொஞ்சம் தூக்கலாக. நடுத்தரத்தை மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரிப்போம். தேங்காய்ப்பால் சொதிக்கும் நல்ல மீன், இடியப்பத்தோடு. கொழுப்புள்ள சதை என்பதால் தணலில் சுட்டாலும் காயாது. மாரிக்கு முன் பிடித்த மணலையில் கொழுப்பு அதிகம், அதன் ருசியே வேறு. பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிடக் கூடாது. உவர்நீர் மணலையின் சதையில் குடலைப் பாதிக்கும் ஒட்டுண்ணிப் புழுவின் இளம்புழுக் கூடுகள் இருக்கலாம். நன்றாக வெந்தால் அவை செத்துவிடும்.

சத்துக் கணக்குக் கேட்பவர்களுக்கு: 100 கிராம் பச்சை மீனில் ஏறத்தாழ 19 கிராம் புரதம், 4 கிராமுக்குச் சற்றுக் குறைந்த கொழுப்பு.

மணலைச் சினைக்கு வெளிநாட்டில் பெரிய விலையாமே?

ஆம். உப்பிட்டு, அழுத்தி, காயவைத்த மணலைச் சினையை ஜப்பானில் கரசுமி என்றும் இத்தாலியில் போத்தார்கா என்றும் விற்கிறார்கள், தாய்வானிலும் பெரிய வியாபாரம். நாங்கள் அதைக் குழம்பில் போட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்போம். சினைக்கு விலை ஏறினால் வாய்ப்பக்கத்தில் சினை மீனை மறிக்கும் ஆசையும் ஏறும். அந்தச் சந்தை இங்கே வராமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

மணலையைக் குளத்தில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். உலகில் இதில் முன்னிற்பது எகிப்து. தீனிச் செலவு குறைவு, உப்பு மாறினாலும் சாகாது, பால்மீனோடும் வேறு மீன்களோடும் சேர்த்து விடலாம். தடை ஒன்றுதான்: குஞ்சு. அடைத்த குளத்தில் இது தானாக முட்டையிடாது, குஞ்சு பொரிப்பகத்தில் பெறுவதும் சிரமம், ஆகவே பெரும்பாலும் இயற்கையிலிருந்துதான் குஞ்சு பிடித்து விடுகிறார்கள். களப்பின் குஞ்சை அள்ளிக் குளத்தில் விடுவதென்றால் எவ்வளவு அள்ளலாம் என்ற கணக்கு முதலில் வேண்டும்.

மணலைக் கூட்டத்தை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

கிண்ணியாப் பாலம். 2009இல் பாலம் திறக்கும் முன் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் கடப்போம். பாதை மெல்ல நகர, பக்கத்தில் மணலைகள் பாய்வதை எண்ணிக்கொண்டே அக்கரை போய்ச் சேருவோம். இப்போது பாலத்தின் நடுவில் வாகனங்களுக்கு இடைஞ்சலில்லாமல் கைப்பிடியோரம் நின்று கீழே பாருங்கள். காற்று எழும்பும் முன், காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில், நீர் களப்புக்குள் ஏறும் நேரம் நல்லது. வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மினுக்கத்தில் ஒன்றும் தெரியாது. தூணைச் சுற்றி நீர் சுழிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் உட்பக்கமாக, கரும்பச்சை நிழல்கள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். ஒரு மீன் திரும்பி வெள்ளி வயிறு பளிச்சிட்டதும் கூட்டம் முழுவதும் கண்ணுக்குப் பிடிபடும்.